மணியைக் கழற்றிய சைக்கிள்

பட்டறையில் அவனை எல்லோரும் ‘கிராமு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்துத் தராசில் வைத்து, “ஆறு கிராம் மிச்சம்டா!” என்று குதித்தவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அவனும் மனைவியும் அடுத்த கோடையில் சைக்கிளில் மலையேறப் போகிறார்கள். கூடாரம், அடுப்பு, போர்வை எல்லாவற்றையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு, ஆளில்லாத கணவாய்களைக் கடக்கிற நெடும்பயணம். வரைபடம் அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்தது. எண்ணெய் தெறித்து ஒரு கணவாய் மட்டும் பளபளத்தது. அவள் தையற்காரி. சைக்கிள் சட்டத்தின் முக்கோணத்துக்குள் கச்சிதமாக உட்காரும் பைகளைத் தார்ப்பாயில் தைத்தாள்.

“கல்யாணமான புதுசுலயே பஸ் ஸ்டாண்டத் தாண்டல. இப்ப மலையாம்ல மாப்ளைக்கு!” என்று அவளுடைய அண்ணன் கேலி செய்வான். அவன்தான் அந்தப் பட்டறைக்கு மேஸ்திரி.

ஊரில் மேடென்று இருந்தது ரயில்பாதை மேம்பாலம் ஒன்றுதான். மூட்டை கட்டி அதில் ஏறி இறங்கிப் பழகினார்கள். ஏற்றத்தில் பேசக்கூடாது, மூச்சு வீணாகும் என்பது கிராமுவின் சட்டம். அவள் முன்னால், அவன் பின்னால். அவன் மணியடித்தால் அவள் நிற்க வேண்டும். சத்தமில்லை என்றால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்.

பிறகு ஒருநாள் மணியையும் கழற்றிவிட்டான்.

“அறுபது கிராம்டி. வேணும்னா கூப்பிடறேன். தொண்டைக்குத் தனியா எடை இருக்கா என்ன?”

அன்று அவள் ஒரே மூச்சில் உச்சிக்குப் போனாள். பின்னால் சத்தமே இல்லை. நன்றாக வருகிறான் என்று மகிழ்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் ஏற்றத்தின் பாதியில் கைப்பிடிச் சுவரோரம் சரிந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. கூப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறான். தொண்டை இருந்தது, குரலெழுப்ப மூச்சு இல்லை.

நுரையீரலில் தூசி படிந்து இறுகிவிட்டது, இதற்கு மருந்தில்லை என்றார் மருத்துவர். துருப்பிடித்த இரும்பின்மேல் மணலைப் பீய்ச்சிச் சுரண்டுவது அவன் வேலை. பட்டறையில் முகமூடிகளும் உண்டு. அதிகாரி சோதனைக்கு வரும் நாளில் அவை பெட்டியைவிட்டு வெளியே வரும். அவர் கார் தெருமுனை திரும்பியதும் மேஸ்திரி எண்ணி வாங்கிப் பூட்டிவிடுவான். தூசி நுழையாத கதவு முதலாளி அறைக்கு மட்டும்தான்.

பார்க்க வந்த அண்ணன், “என்னம்மா செய்யறது, எல்லாம் விதி,” என்றான்.

“விதிக்குக் கையும் சாவியும் இருக்கா அண்ணே? முகமூடியப் பூட்டினது யாரு?”

“முதலாளி சொன்னாரு, செஞ்சேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?”

“என் வீட்டுக்காரருக்கும் நுரையீரல் இருந்துச்சுல்ல?”

அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறினான். மறுநாளும் பட்டறை ஓடியது. கிராமு நின்ற இடத்தில் வேறொருவன் நின்றான், வாயில் வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு.

படுக்கையிலிருந்தே கிராமு பயணக் கணக்கைத் திருத்தினான்.

“பாரத்தக் குறைச்சிட்டேன்டி. என்னையே கழிச்சாச்சு. ஒரே அடியா அம்பத்தெட்டு கிலோ!”

அவள் சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

“நான் போகல.”

“பையையாவது தைச்சு முடி. மெஷின் ஓடுற சத்தம் கேட்டா வண்டி ஓடுற மாதிரியே இருக்கு.”

கழற்றிய மணியைத் தேடியெடுத்து அவன் கட்டில் கம்பியில் மாட்டினாள். முன்னறையில் மெஷின் நின்றால் போதும், உள்ளிருந்து மணி அடிக்கும்: ஏன் நிறுத்திட்டே? அதற்காகவே தைத்த தையலைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தாள். பை மட்டும் முடியக்கூடாது.

ஒரு காலையில் நூல் அறுந்து மெஷின் நின்றது. ஊசியில் நூலைக் கோத்தபடி மணிக்குக் காத்திருந்தாள். கோத்து முடித்தாள். மணி அடிக்கவில்லை.

சத்தமில்லை என்றால் நன்றாக இருக்கிறான். அதுதானே பழைய சட்டம்? அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல், உள்ளறைப் பக்கம் திரும்பாமல், மிதியின்மேல் காலை வைத்தபடியே அவள் உட்கார்ந்திருந்தாள்.