இருபது அடிக்குள் சரணடைதல்

பதினொரு வருடங்களாக எனக்கு ஒரேயொரு விருப்பம் இருந்தது. என் பழைய மேலதிகாரியான சேர் என்னிடம் ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். அதை நான் மறுக்க வேண்டும். மறுப்பு விதிமுறைக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் எனக்குச் செய்ததும் விதிமுறைக்கு உட்பட்டுத்தான்.

மன்னாரில் ஓர் அரச கந்தோரில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்து பிரதம லிகிதராக ஓய்வு பெற்றவன் நான். சேர் அங்கே தலைமை அதிகாரி. அந்த வருடம் என் மனைவியை அநுராதபுரம் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சைக்கு அனுமதித்திருந்தோம். புதன்கிழமை காலை என்று திங்கள் பின்னேரம்தான் சொன்னார்கள். செவ்வாய் காலை எட்டரைக்கு மூன்று நாள் லீவுப் படிவத்தை அவருடைய மேசையில் வைத்தேன். மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார்.

"பதில் கடமையாற்றுபவரின்ரை கையொப்பம் எங்கை?"

"அவர் கொண்டச்சிக்கு வெளிவேலைக்குப் போட்டார் சேர். நாளைக்குக் காலமைதான் வருவார்."

"அப்ப நாளைக்குத் தாருமன்."

படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டுத் தேநீரை எடுத்தார். அவர் சொன்னது சரி. நான் லீவில் நிற்கும்போது என் வேலையைப் பார்ப்பவர் அந்தப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். அவசரமென்றால் பின்னர் கையொப்பம் பெறலாம் என்று எழுதி அனுமதிக்கலாம் என்பதும் சரி. அவருடைய சொந்த லீவுகளுக்கு நான்கு தடவை அப்படி எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவன் நான்.

புதன் காலை ஒன்பதரைக்குக் கையொப்பம் கிடைத்தது. மதவாச்சியில் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி. மனைவியை வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சம்மதப் படிவத்தில் கணவர் என்ற இடத்தில் யாரோ கோடு கீறியிருந்தார்கள். அதற்குக் கீழே அவளே தன் பெயரை எழுதியிருந்தாள், கொஞ்சம் சரிந்த எழுத்தில். அவள் சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"கதவைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தனான். மயக்க மருந்து தாற பிள்ளை அரைகுறைத் தமிழிலை, ஆரைப் பாக்கிறீங்கள் அம்மா எண்டு கேட்டுது. ஒருத்தரையும் இல்லை எண்டு சொன்னனான்."

அதற்குப் பிறகு நான் எந்தப் படிவத்தையும் அரைகுறையாக விட்டதில்லை. காத்திருந்தேன். அவரோ நல்லபடி ஓய்வு பெற்று, ஓய்வூதியர் சங்கத்துக்குத் தலைவராகி, எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். என்னிடம் எதையும் கேட்கவில்லை.

பிறகு என் தங்கையின் மகள் கனடாவிலிருந்து வந்தாள். ரொறன்ரோவில் ஒரு பெயின்ற்போல் மைதானத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். பேசாலைக்கு அப்பால், மீன்பிடிப் படகுகள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியின் தென்னங்காணியைக் குத்தகைக்கு எடுத்து, அங்கே அதே விளையாட்டைத் தொடங்கப் போவதாகச் சொன்னாள். இரண்டு அணிகள் மறைந்து நின்று, காற்றுத் துவக்குகளிலிருந்து வர்ணக் குண்டுகளால் ஒன்றையொன்று சுடும். பட்டால் குண்டு உடைந்து சட்டையில் வர்ணம் பிடிக்கும். வர்ணம் பட்டவர் வெளியே. இந்தக் கரையில் சுடுவது விளையாட்டு என்ற பெயரில் வந்தது இதுதான் முதல் தடவை என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"துவக்கு எண்டு சொல்லாதேங்கோ மாமா. மாக்கர்."

"பாதுகாப்பு அமைச்சு அதைத் துவக்கு எண்டுதான் சொல்லும் பிள்ளை. நாங்கள் முந்திக்கொண்டு வேறை பேரிலை எழுதவேணும்."

எழுதினேன். அமைச்சின் ஆட்சேபனையின்மைக் கடிதம், சுங்கம், பிரதேச சபை, பொலிஸ், காற்றுச் சிலிண்டர்களுக்கு அழுத்தப் பரிசோதனைச் சான்று. பெட்டியில் வந்த சட்டைகளில் பாதி இராணுவப் புள்ளி போட்டவை. இந்த நாட்டில் அதைப் போட்டுக்கொண்டு பற்றைக்குள் பதுங்கினால் என்ன நடக்கும் என்பதைக் கனடா அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவற்றைத் திருப்பி அனுப்பி, செம்மஞ்சளும் நீலமும் எடுத்தோம். சிவப்புக் குண்டு வேண்டாம் என்றும் சொன்னேன். காரணம் கேட்கவில்லை, மஞ்சளை மட்டும் எடுத்தாள்.

புதுச் சாமான்கள் உண்மையில் கெட்டித்தனமானவை. பழைய குண்டைவிடச் சிறிய குண்டு, பட்டால் ஒரு சுண்டு சுண்டினது போலத்தான் இருக்கும். முகமூடிக்கு இரண்டு படைக் கண்ணாடி, வியர்வைக்கு ஆவி படியாது. குண்டுகளைத் தானே ஊட்டும் பற்றரி லோடர். காலைச் சாப்பாட்டின்போது அவள் போனில் அந்தத் தொழிலின் செய்திகளை வாசிப்பாள்.

"ரெண்டு பெரிய கொம்பனி ஒண்டாச் சேந்திட்டுது மாமா. எங்கடை முகமூடிக்கு இனிக் கண்ணாடி வருமோ தெரியாது."

"ரெண்டு திணைக்களத்தை ஒண்டாக்கினால் ரெண்டு பெயர்ப்பலகையும் இருக்கும், ஒருத்தரும் பதில் போடமாட்டினம். இப்பவே அம்பது கண்ணாடி எடுத்து வை."

எடுத்து வைத்தாள். மூன்று மாதம் கழித்து அந்தக் கண்ணாடி எங்கும் இல்லையாம். என் அரச சேவை கனடாவுக்குப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம்.

ஒரு பிழையை மட்டும் நான் முன்கூட்டிக் காணவில்லை. குண்டுகளைக் குளிரான இடத்தில் வைக்க வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. சம்மாட்டி அவற்றைத் தன் ஐஸ் அறையில், அறக்குளாவுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார்.

"மீனுக்கு நல்லதெண்டால் இதுக்கும் நல்லதுதானே?"

இரண்டு பெட்டி பாழ். பாதி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. மீதி கண்ணாடிப் போளை மாதிரி இறுகியிருந்தது. ஒன்றைச் சுட்டுப் பார்த்தோம். பலகையில் பட்டு உடையவில்லை, பலகை குழிந்தது. எல்லாவற்றையும் புதைக்கச் சொன்னாள். ஒரு பையை ஐஸோடு நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.

காரணம் அன்றுதான் கிடைத்திருந்தது. இந்த மெல்லிய குண்டால் எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயது மனிதரும் விளையாடலாம் என்று ஊருக்குக் காட்ட, திறப்பு நாளில் ஓய்வூதியர் சங்கத்தை இலவசமாக அழைத்திருந்தாள். சங்கத் தலைவர் அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். படம் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பார்.

மனைவி மீன் எடுக்கக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதென்ன பை?"

சொன்னேன். பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"கண்ணிலை பட்டாலோ?"

"முகமூடி இருக்கு."

"விலாவிலை பட்டாலோ? அந்த மனுசனைப் பாக்க நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவேண்டி வரும். அதுக்கு ஆரிட்டை லீவு கேப்பீங்கள்?"

பையைக் கிணற்றடியில் கொட்டினேன். இரக்கத்தால் அல்ல. உறைந்த குண்டு விதிமீறல்; விதிமீறிப் பழிவாங்கினால் சேர் சுத்தமாகிவிடுவார். எனக்கு அப்பழுக்கில்லாத ஓர் ஆவணக் கோவை வேண்டியிருந்தது.

மைதான விதிகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. உலகமெங்கும் உள்ளவற்றை மருமகள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். தினமும் காலையில் எல்லா மாக்கரின் வேகத்தையும் அளந்து பதிய வேண்டும். கழுதை மைதானத்துக்குள் வந்தால், அது போகும்வரை ஆட்டம் நிற்கும். இது என் சேர்க்கை, மன்னார்த் தீவில் கழுதைகளுக்கு வேலி தெரியாது. பிறகு பதினேழாம் விதி. இருபது அடிக்குள் எதிராளியைக் கண்டால் உடனே சுடக்கூடாது. சரணா என்று கேட்க வேண்டும். சரணடைபவர் மாக்கரின் வாயை நிலத்துக்குத் திருப்பி, மற்றக் கையை உயர்த்தி, ஒப்புக்கொள்கிறேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் சரண். ஒன்று குறைந்தாலும் ஆட்டம் தொடரும். மூன்று குண்டு வரை சுடலாம். சரணைக் கேட்டுச் செய்யும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. மூன்றும் ஒன்றாக என்பது என் கையெழுத்து.

திறப்பு நாள் காலை பத்து மணிக்கு மருமகள் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். சேர் தென்னைக்குக் கீழே நின்று போனில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். பொறுப்புத் துறப்புப் படிவத்தில், விதிகளைக் கேட்டு விளங்கிக்கொண்டேன் என்ற இடத்தில், வாசிக்காமலே கையொப்பமிட்டார். அந்தக் கையொப்பத்தை நான் முப்பது வருடமாக அறிவேன்.

அவர் நீலம், நான் செம்மஞ்சள். பக்கத்துக்கு ஒன்பது பேர். அஞ்சலதிபர் முதல் நிமிடத்திலேயே தன்னைத் தானே சுட்டுக்கொண்டு வெளியே போனார். நான் யாரையும் சுடவில்லை. பனங்குற்றிகளின் பின்னால் முழங்காலைத் திட்டித் திட்டி ஊர்ந்தேன். கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகுக்குப் பின்னால் நீலச் சட்டை தெரிந்தது. சுற்றிப் போய் எழுந்து நின்றேன். பதினைந்து அடி இருக்கும். வாயைத் திறக்கிற நேரம் விசில் ஊதியது. இரண்டு கழுதைகள், ஒரு குட்டியோடு, எங்களுக்கு நடுவே வந்து நின்றன.

ஆட்டம் நின்றது. சேர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன காணும், நீரோ? எனக்குப் பின்னாலை எப்பிடி வந்தனீர்?"

"மெதுவா வந்தனான் சேர். பதினொரு வருஷம்."

அவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார். "உம்மடை முழங்காலுக்கு இதெல்லாம் சரியே? மனுசி எப்பிடி, சுகமோ?"

"சுகம் சேர்."

"அப்ப சந்தோசம். நல்ல வெய்யில் என்ன? இது முடிய இளநி தருவினமோ?"

குட்டி படகை மணந்து பார்த்தது. அவர் அதை உஸ் என்று துரத்தினார். அது போகவில்லை. பதினொரு வருடம் பொறுத்தவனுக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிதாக இருந்தது. கடைசியில் தாய்க் கழுதை நடந்தது, குட்டி பின்னால் போனது, விசில் ஊதியது.

"சரணா சேர்?"

"ஓம் ஓம், என்னை விடும். நான் வெளியிலை போறன்."

இடது கையை உயர்த்தினார். மாக்கர் வலது கையில் என் வயிற்றைப் பார்த்தபடி இருந்தது. சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லவில்லை. நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருந்தேன். கோவையில் அதுவும் இருக்கட்டும்.

"விண்ணப்பம் பூரணமில்லை சேர்."

மூன்றும் நெஞ்சில், ஒரு கோட்டில். மஞ்சள் வழிந்து இடுப்புப் பட்டியில் தேங்கியது. அவர் முகமூடிக்குள்ளால் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு வெளியே நடந்தார். இளநீர் குடிக்கவில்லை.

மருமகளுக்குக் கோபம். "உங்கடை சேர் ஹோட்டல்காரரிட்டைச் சொல்லி ஆக்களை அனுப்புறன் எண்டவர் மாமா. கை தூக்கினவரைச் சுட்டனீங்களாம்."

"பதினேழாம் விதியை வாசி."

"அதை எழுதினது நீங்கள்தானே."

"அதுதான் சொல்லுறன்."

வீட்டில் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"சுட்டனீங்களோ?"

"ஓம்."

"எத்தினை?"

"மூண்டு."

"கேட்டவரோ?"

"கேட்டவர். இல்லையெண்டு சொல்லிப்போட்டுத்தான் சுட்டனான்."

துருவலைத் தொடர்ந்தாள். அன்று புட்டோடு இரண்டு முட்டை பொரித்து வைத்தாள்.

நான்காம் நாள் முறைப்பாடு வந்தது. முறைப்பாட்டுப் படிவமும் நான் தயாரித்ததுதான். நான்கு பகுதி, யாராலும் ஒரே தடவையில் சரியாக நிரப்ப முடியாது. ஏதாவது விடுபட்டிருந்தால் திருப்பி அனுப்பும் கடிதத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். மூன்று தடவை வாசித்தேன். ஒன்றும் விடுபடவில்லை. இரண்டு சாட்சிகள். படகும் நாங்கள் நின்ற இடமும் அளவோடு வரைபடத்தில். கழுதைகள்கூட மூன்று சிறிய வட்டங்களாக. ஐந்து எண்ணும் நேரம் நான் காத்திருந்ததையும் எழுதியிருந்தார். ஆனால் தம்மைச் சுட்டது பதினேழாம் விதிப்படி சரி என்றும், தமது முறைப்பாடு இருபத்தோராம் விதியின் கீழ், அதாவது சொந்தப் பகையோடு ஆடியது பற்றியது என்றும் குறிப்பிட்டிருந்தார். முன்பகை உண்டாயின் விபரம் தருக என்ற இடத்தில், அழகான எழுத்தில், ஒரு வரி.

"உண்டு. புதன்கிழமை. பதில் கடமையாற்றுபவரின் கையொப்பம்."

ஆக, அந்த மனிதர் மறக்கவில்லை. மைதானத்தில் மனைவியின் சுகம் கேட்டதும் நினைவோடுதான். மறந்துபோயிருப்பார் என்று நினைத்திருந்தவரை எனக்கு அவர்மீது ஒரு அளவான கோபம் இருந்தது. அன்று அந்த அளவு போய்விட்டது.

இருபத்தோராம் விதிக்குத் தண்டனை மூன்று மாதத் தடை. என் பெயரை எழுதி, சிபாரிசு செய்கிறேன் என்று நானே கையொப்பமிட்டேன். வேறு வழி இல்லை. அது பூரணமான விண்ணப்பம்.

படிவத்தை மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

"இவருக்கு நாள் கூட ஞாபகம் இருக்கு."

"ஓம்."

"இவர் திரும்பவும் விளையாட வருவாரோ?"

"அடுத்த மாதம் முதலாம் சனி வாறாராம். நான் இல்லையெண்ட துணிவு."

கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "தடை உங்களுக்குத்தானே?"

"எனக்கு மட்டும்."

"அப்ப பிள்ளையிட்டைச் சொல்லி அந்தச் சனிக்கு என்ரை பேரைப் போடச் சொல்லுங்கோ. மற்றப் பக்கத்திலை."

படிவம் ஒன்றை எடுத்துவந்தேன். அறுபதுக்கு மேற்பட்டவர் விளையாட வீட்டாரில் ஒருவர் சம்மதம் தர வேண்டும் என்பது மூன்றாம் விதி. மனைவி தன் பெயரை எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் தந்தாள். கணவர் என்று அச்சிட்ட இடத்தில் கையொப்பமிட்டேன். திகதியும் போட்டேன். பிறகு முற்றத்துக் கிணற்றடிச் சுவரில் குறிபார்க்க மஞ்சள் பழம் ஒன்றை வைத்து, பதினேழாம் விதியை அவளுக்கு முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன்.