ஐரோப்பாவுக்குப் பதில் மூவார்

என் மனைவியின் அக்கா ஒரு கூட்டத்தோடு ஐரோப்பா கிளம்பிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் பழைய நகரம், கல் பாவிய தெரு, நாள் முழுக்க நிதானமாக நடை என்று தினமும் போனில் சொல்லிச் சொல்லி இவளையும் உசுப்பிவிட்டார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். நான் வந்தால்தான் தானும் போவேன் என்றாள் இவள். எனக்கோ விமானம் என்றாலே பயம். அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, அங்கே இருப்பதெல்லாம் நம் நாட்டு ஆற்றங்கரை ஊரான மூவாரிலேயே இருக்கிறது என்று அளந்துவிட்டு, அந்த ஞாயிறு காலையே எங்கள் ஊர் பாலோவிலிருந்து காரைக் கிளப்பினேன்.

ஊரைப் பார்த்ததும் எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. மணிக்கூண்டு என்று ஒன்று. அதில் மணி பார்க்க ஒருவரும் இல்லை, முதுகைக் காட்டிப் படமெடுக்கத்தான் கூட்டம். கடைவீட்டுச் சுவர்களில் சித்திரங்கள். சித்திரச் சைக்கிளை ஓட்டுவதாக நடித்த ஒரு பெரியவர், படம் சரியில்லை என்று ஏழு தடவை காலைத் தூக்கினார். நூறு வருஷத்துக் கட்டடத்துக்குள் ஒரு காப்பிக்கடை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை அப்படியே விட்டுவைத்ததற்குத்தான் காப்பிக்கு அவ்வளவு விலை போலிருக்கிறது. இவர்களையெல்லாம் ஏளனமாகப் பார்த்துக்கொண்டே நடந்ததில், கடை முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் தடுக்கி ஒரு தூணைக் கட்டிப்பிடித்தேன். தூண் எந்தக் காலத்தது என்று கேட்டாள் மனைவி.

நான் விடவில்லை. வாய்க்கு வந்த சரித்திரத்தை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். சன்னல்கள் இத்தாலிக்காரன் வைத்தவை என்றேன். மீ பண்டோங் நூடுல்ஸ் சாப்பிடும்போது, இந்த மீயும் இத்தாலிக்காரன் மீயும் ஒரே வம்சம் என்றேன். அவள் இறாலை மட்டும் பொறுக்கித் தின்றாள்.

மத்தியானம் படகில் ஏறினோம். பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கியில் அழுகைப் பாட்டு, பால் கூடிப்போன தேத்தண்ணி நிறத்தில் ஆறு. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மசிகிறாள் என்று நினைத்துக் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். மூவார் என்பது சுத்தமான தமிழ். மூப்படையாதவர் என்று பொருள். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த நம்மாட்கள் இந்த ஆற்றில் குளித்து நரைக்காமல் திரிந்ததால் வந்த பெயர் என்றேன். என் வழுக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் படகோட்டியிடம் பெயர்க் காரணத்தை மலாயில் விசாரித்தாள்.

"முவாரா லா," என்று அவர் ஆறு கடலில் கலக்கும் இடத்தைக் கைகாட்டினார்.

முவாரா என்றால் கழிமுகம். அவ்வளவுதான். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மொத்தமாக இருமல் வந்தது.

மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, ஐரோப்பா போனாலும் இப்படித்தான் விளக்கம் சொல்லிக்கிட்டே வருவீங்களா?" என்றாள்.

பயந்துபோய்ப் பயணத்தையே கைவிடுவாள் என்ற நப்பாசையில், "பின்னே? தெருத் தெருவா சொல்வேன்," என்றேன்.

"அப்ப நீங்க இங்கயே இருங்க. நான் அக்காகூட போறேன்."

அங்கேயே போனை எடுத்துப் பெயர் கொடுத்தாள். ஒரே ஆள்தான் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள். விமானம் ஏறாமல் தப்பிக்கத்தான் இத்தனை பாடும், தப்பித்தும்விட்டேன். ஆனாலும் ரெண்டு ஆள் என்று சொல்லு என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் என் சம்மதத்தைக் கேட்கவில்லை. படகு ஆடியது, நானும் சேர்ந்து தலையாட்டிக்கொண்டே கரை வந்து சேர்ந்தேன்.