மானிய மோட்டார்

விவசாயிகளுக்கு அரசாங்கம் மானியத்தில் தந்த மோட்டாரை, செங்கல்பட்டுப் பக்கத்து எங்கள் நிலத்தின் பட்டாவைக் காட்டி வாங்கினேன். மாட்டியதோ மயிலாப்பூர் வீட்டுக் கிணற்றில். தொண்ணூறுகளில் இங்கே அவ்வளவு தண்ணீர்க் கஷ்டம்.

அந்த நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் ஏழுமலை ஒருநாள் வந்து நின்றார்.

"மோட்டாரப் பாக்க ஆபீசர் வந்தாருங்க. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைல ரிப்பேர்ல கீதுன்னு சொல்லிட்டேன்."

"பயிர் எப்படி இருக்கு ஏழுமலை?"

"காயுதுங்க."

மோட்டாரைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்கய்யா. மொதல்ல தொட்டிய ரொப்பிக்கலாம். நாளைக்கு வூட்ல இன்னா பண்ணுவாங்க?"

தொட்டி நிரம்பும்வரை இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு மோட்டாரைக் கழற்றி, அவரோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

வாழ்க்கையில் என்னைத் திட்டியவர்களையெல்லாம் மறந்துவிட்டேன். பயிர் காயும்போதும் என் வீட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருந்தவரை மட்டும் மறக்க முடியவில்லை.