நூறு ஆண்களில் என் தம்பி

என் தம்பி ஹாலிஸ் பெட்வேயைப் பற்றி இந்த ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இந்த பிரிச்சர்ட் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி இருபத்தாறு வருஷம் ஆகிறது. என் வண்டியில் ஏறி இறங்காத வாய் இந்த ஊரில் கிடையாது. ஆகவே கதையை இந்த வெர்டெல்லிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் குறுக்கே பேசினால் மட்டும் எனக்குப் பிடிக்காது.

பிறக்கும்போதே பதினொரு பவுண்டு. அம்மா அவனைப் பெற்றுப் போட்டுவிட்டு, "இத்தோட கடையைச் சாத்தியாச்சு" என்றாளாம். அப்பா அலான்சாவுக்குக் காகித ஆலையில் வேலை. மகன் பிறந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பையனோ என் பக்கத்தில் உட்கார்ந்து நான் தலை பின்னுவதை வேடிக்கை பார்ப்பான். எட்டு வயதில் என்னைவிட நேர்த்தியாகப் பின்னுவான், என் மண்டையே சாட்சி. ஒரு நாள் அப்பா அதைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் முழுக்க வாசலிலிருந்து தபால் பெட்டி வரைக்கும் அவனை நடக்கவிட்டார். "தோளை நிமிர்த்துடா. இடுப்பு எங்கடா போகுது? திரும்ப நட. ஆம்பளையா நட." இருட்டுகிற வரைக்கும் நடந்தான் குழந்தை. அப்பாமேல் எனக்கு உயிர். அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் இன்னும் அவரை நான் மன்னிக்கவில்லை.

பிறகு ஃபுட்பால் வந்தது, காலால் உதைக்கிறது இல்லை, பந்தைக் கையால் எறிந்து மோதிக்கொள்கிற ஆட்டம். பந்தை எறிகிறவனுக்கு முன்னால் நின்று, அவன்மேல் பாய வருகிறவர்களை நெஞ்சில் வாங்கிக்கொள்கிற இடம் இவனுக்கு. பந்து கைக்கே வராது. பேப்பரில் பேர் வராது. தப்புச் செய்தால் மட்டும் தவறாமல் வரும். அந்த வேலையைச் செய்தே பல்கலைக்கழகம் போனான், அங்கிருந்து வடக்கே பெரிய அணிக்குப் போனான். இரண்டு முழங்காலிலும் கத்தி வைத்தாயிற்று, இப்போது பத்தாவது வருஷம் ஆடுகிறான். நட்சத்திரம் கிட்சத்திரம் எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் மைதானத்துச் சுவரில் அவன் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வேண்டுமென்றால் ஊரில் அந்தச் சுவரைத்தான் காட்டுவார்கள்.

அணியின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒவ்வொருவனும் மனைவியையோ காதலியையோ அழைத்து வருவான். ஹாலிஸ் என் தோழி குவின்டெல்லாவை விமானம் ஏற்றி அழைத்துப் போவான். மூன்று வருஷம் போனாள். அவளுக்கு அங்கே போடுகிற இறால் பிடிக்கும், அவ்வளவுதான். நாலாம் வருஷம் அவள் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஹாலிஸ் தனியாகப் போனான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கூடவே எமீல் ப்ரூசார்ட் என்று ஒரு லூசியானாக்காரர் வருவார். ஒல்லி, அமைதி, முழங்காலுக்கு வைத்தியம் செய்கிறவர். என் சமையலறையில் நின்று கம்போ கிண்டுவார். நண்டும் இறாலும் வெண்டைக்காயும் போட்ட அந்தக் குழம்பை என்னைவிட நன்றாகச் செய்வார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தால் கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். யாராவது கேட்டால் "தம்பியோட வைத்தியர்" என்று சொல்லி வாயை அடைப்பேன்.

போன வருஷம் மார்ச்சில் ஹாலிஸோடு முன்பு ஆடிய ஒருவன் ஏதோ விளையாட்டு அரட்டை நிகழ்ச்சியில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பெட்வேயா? அவனை ஒரு பொண்ணோட பார்த்தவன் யாராச்சும் இருந்தா கை தூக்குங்க பார்ப்போம்." அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் முடிவெட்டுகிற கடையில் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். அவனுடைய ஒப்பந்தங்களைப் பார்க்கிற ஏஜென்ட் போன் செய்து, "ஒரு வரி மறுப்பு விடு, ஒரு பொண்ணோட போட்டோ எடு, ஒரு வாரத்துல அடங்கிடும்" என்றான். "யோசிக்கிறேன்" என்றான் ஹாலிஸ்.

ஜூன் மாதம் எங்கள் சபையில் ஆண்கள் ஞாயிறு. அன்றைக்கு எல்லாமே ஆண்கள்தான்: ஜெபம், பாட்டு, காணிக்கை, மத்தியானச் சமையல்கூட. கறுப்புக் கோட்டுப் போட்ட பாடகர் குழு மேடையேறும். அதற்கு 'நூறு ஆண்கள்' என்று பேர். முப்பது வருஷத்தில் எண்பத்தெட்டைத் தாண்டியதில்லை, பேர் மட்டும் நூறு. அதைத் தொடங்கியவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். அவர் போன பிறகு கீழ்க்குரல் வரிசையில் அவர் இடத்தில் ஹாலிஸ் நிற்கிறான். முதல் பாட்டை அந்த வருஷம் அவன்தான் எடுத்துப் பாட வேண்டும். வருஷம் முழுக்க அவன் ஆசையாகக் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்குத்தான்.

ஆண்கள் ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னால் எங்கள் சபைப் பெரியவர்களில் ஒருவரான டீக்கன் பர்விஸ் என் வீட்டுக்கு வந்தார். எழுபத்தெட்டு வயது, ஒரு காலத்தில் காசுக்குக் குத்துச்சண்டை போட்டவர், கை இரண்டும் இன்னும் சுத்தியல். ஆண்கள் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கையில் ஒரு தாள்.

"ஹாலிஸ் இல்லையாம்மா?"

"ஓடப் போயிருக்கான். என்கிட்டச் சொல்லுங்க டீக்கனய்யா."

"கமிட்டியில ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். யார் மேல ஊர்ப்பேச்சு இருக்கோ, அவங்க இந்தத் தடவை குழுவுல நிக்க வேணாம்னு. பேர் எதுவும் போடலை."

"பேர் போடலையா? ரொம்ப நல்ல மனசு."

"கோவப்படாதே வெர்டெல். அவன் 'இது பொய்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். நானே தாளைக் கிழிச்சுப் போடறேன். சின்னப் பசங்க பார்க்கறாங்கம்மா."

அவருக்கு ஒரு வாய் ஐஸ் டீகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். எங்கள் வீட்டில் அப்படி யாரையும் அனுப்பியதில்லை. ஹாலிஸிடம் சொன்னபோது ஷூவைக் கழற்றிக்கொண்டே, "சனிக்கிழமை ஒத்திகைக்கு நான் போறேன்க்கா. நீ வராதே" என்றான்.

நான் போனேன். பொம்பளை நுழையக் கூடாத ஒத்திகை அது. காலை பத்து மணி, எழுபத்தொன்பது ஆண்கள், பாதிப்பேர் கோட்டு பட்டன் போடமுடியாமல் தொந்தியை எக்கிக்கொண்டு நின்றார்கள். நேரே மேடைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஊர்ப்பேச்சு இருக்கறவங்க நிக்கக் கூடாதாமே? நல்ல தீர்மானம். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். வாங்க, வரிசையாப் பார்ப்போம்."

பேருந்தில் இருபத்தாறு வருஷம் கேட்டது கொஞ்சமா? "ஐசம் அண்ணே, உங்களுக்கு மொபீல்ல ஒரு வீடு, சாராலேண்ட்ல ஒரு வீடுன்னு பேச்சு இருக்கு, இறங்குங்க. டிரம் அடிக்கிற தம்பி, உன் தலைமுடி உன்னோடது இல்லையாமே, இறங்கு. கார்லிஸ், உன் பொண்டாட்டி உன்னை அடிக்கிறாளாம், ஊரே சொல்லுது." ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் முறைப்பு. ஆளுக்கு ஒன்றாக எடுத்துவிட்டேன். சாட்டை கையில் கிடைத்த சந்தோஷம் எனக்கு. கடைசியில் டீக்கனிடம் வந்தேன்.

"டீக்கனய்யா, அம்பது வருஷத்துக்கு முன்னால பென்சகோலாவுல நாலாவது ரவுண்டுல நீங்க எந்திரிக்காததுக்குக் காரணம் பயம்னு பேச்சு இருக்கு."

சிரிப்பு நின்றது. அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு ரெண்டும் ரத்தத்துல மூடிடுச்சும்மா" என்றார். "எந்தப் பக்கம் எந்திரிக்கறதுன்னே தெரியலை. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒருத்தனும் கேட்டதில்லை."

"பாத்தீங்களா! அதைத்தான் நான் சொல்றேன். வதந்திங்கறது இப்படித்தான். என் தம்பி மேல சொல்றதும் இதே மாதிரி அபாண்டம்..."

"அக்கா, போதும். உக்காரு."

ஹாலிஸ் கீழ்க்குரல் வரிசையிலிருந்து இறங்கி வந்தான். ஆறடி ஐந்து அங்குலம், முன்னூற்றுப் பத்து பவுண்டு.

"அவங்க மேல இருக்கறது வதந்தி. என் மேல இருக்கறது உண்மை."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வந்ததே இல்லை. நான் நேசிக்கறது ஒரு ஆம்பளையை. 'பொய்'னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்றீங்க. ஏஜென்டும் அதையேதான் சொல்றான். ஒம்பது வருஷம் முன்னூறு பவுண்டு ஆளுங்களை இந்த நெஞ்சுல வாங்கினேன். உங்க முன்னால நின்னு பொய் சொல்ற தெம்பு மட்டும் எனக்கு இல்லை."

குழாய் வேலை செய்கிற ஐசம் எழுந்தார். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அவர் குரலில் இருந்தது. "எங்க பசங்களுக்கு உன்னைத்தானேடா காட்டினோம்?"

"இனிமேலும் காட்டுங்கண்ணே. இதுவரைக்கும் பாதிதான் காட்டினீங்க. இனி முழுசாக் காட்டுங்க."

இருபத்தொரு பேர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியேறினார்கள். டீக்கன் பர்விஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனார். மேடையோரம் நின்ற எங்கள் பாஸ்டர் மிச்சமிருந்தவர்களைப் பார்த்து, "மேற்குரல், முதல் பாட்டு" என்றார். ஹாலிஸ் தன் இடத்தில் ஏறி நின்றான். பாடத் தொடங்கினார்கள்.

நான் என் பேருந்துக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அபாண்டம் என்று நான்தானே சொன்னேன்? அவனை அவமானமாக நினைத்தவர்களில் நானும் ஒருத்தி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒத்திகை முடிந்து ஹாலிஸ் வந்து, ஒண்டிக்கொள்ளவே முடியாத அந்தக் குட்டி சீட்டில் ஒண்டிக்கொண்டான்.

"உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்டா. தெரியாத மாதிரியே இருந்துட்டேன். என்னை மன்னிச்சுடுடா தங்கம்."

"எனக்காகத்தானே சண்டை போட்ட" என்றான். "ஆனா கார்லிஸ் பாவம்க்கா. அவன் பொண்டாட்டி நிஜமாவே அடிக்கிறா." அழுகையும் சிரிப்புமாக இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி, அது எனக்குத் தெரியும். அவனோடு ஆடுகிற ஐந்து பேர் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறி வந்து இரண்டாவது பெஞ்சை அடைத்துக்கொண்டார்கள். அந்தப் பெஞ்சு முனகியது. மேடையில் ஐம்பத்தேழு பேர். கடைசி நிமிஷத்தில் பக்கவாட்டுக் கதவு திறந்து டீக்கன் பர்விஸ் கறுப்புக் கோட்டோடு வந்து, ஹாலிஸுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் நின்றார். எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஹாலிஸ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பாடினான். என்னத்தைச் சொல்வேன்! தரையிலிருந்து எழும்பி வந்தது அந்தக் குரல். இரண்டாவது அடியில் பெண்கள் எழுந்துவிட்டார்கள். மூன்றாவதில் ஐசமின் மனைவி கையைத் தூக்கி, "பாடு மகனே! பாடு!" என்று கத்தினாள். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போன ஐசம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், கால் மட்டும் தாளம் போட்டது. பாட்டு முடிந்தும் ஜனங்கள் விடவில்லை. மூன்று தடவை திரும்ப எடுத்தார்கள்.

அடுத்தது விருந்தாளிகள். எங்கள் சபையில் புதிதாக வந்தவர் எழுந்து நின்று, பேர், சொந்தச் சபை, யாரோடு வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். வருஷத்தில் ஐம்பத்தோரு ஞாயிறு அவர்களை வரவேற்கிற வேலை என்னுடையது. ஆண்கள் ஞாயிறன்று டீக்கன் பர்விஸுடையது. அவர் மைக்கை எடுத்தார். ஐந்து ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். கைதட்டல். "வேற யாராவது?" என்று வழக்கம்போலக் கேட்டார் டீக்கன்.

கதவோரத்தில் எமீல் எழுந்தார்.

"எமீல் ப்ரூசார்ட். லூசியானா, நியூ ஐபீரியா. ஹாலிஸோட வந்திருக்கேன்."

"நீங்களும் ஆட்டக்காரரா?"

"இல்லைங்கய்யா. ஹாலிஸோட வாழறவன்."

சபையில் விசிறி ஆட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. டீக்கன் அவரையே பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"ஏழு வருஷமாங்க."

"இந்தச் சபைக்கும் ஏழு வருஷமா வர்றீங்களா?"

"ஊருக்கு வர்றப்பல்லாம் வருவேங்க. இங்கதான், கடைசி பெஞ்சுல."

"ஏழு வருஷமா வந்து ஒரு தடவைகூட எந்திரிச்சுப் பேரைச் சொல்லலையா?" டீக்கனின் குரல் உயர்ந்தது. "யாருய்யா உங்களை வளர்த்தா? லூசியானாவுல மரியாதை சொல்லித் தரமாட்டாங்களா?"

யாரோ ஒருத்தி குபீரென்று சிரித்தாள். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. டீக்கன் சிரிக்கவில்லை. கையை உயர்த்திச் சபையை அடக்கினார்.

"விருந்தாளின்னா ஒரு நாளைக்குத்தான் விருந்தாளி. உங்களுக்கு அது எப்பவோ முடிஞ்சுபோச்சு. கதவோரத்துல என்ன வேலை? முன்னால வந்து உங்க குடும்பத்தோட உக்காருங்க."

நான் நகர்ந்து இடம் விட்டேன். எமீல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் என் தம்பி அத்தனை பேர் பார்க்க விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். டீக்கன் பர்விஸ் தன் இடத்துக்குத் திரும்பிப் போய், ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பியானோக்காரனுக்கு அடுத்த பாட்டைத் தொடங்கச் சொல்லிச் சைகை காட்டினார்.