விருதுப் படமும் லுணுகலை பஸ்ஸும்

இன்று பதுளையிலிருந்து லுணுகலைக்கு பஸ்ஸில் வரும்போது நண்பனுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். எல்லோரும் கொண்டாடும் அந்தப் பழைய படத்துக்கு அத்தனை விருது ரொம்ப அதிகம் என்றேன்.

முன்சீட்டில் இருந்த அக்கா திரும்பிவிட்டார்.

"என்னா தம்பி இப்புடி சொல்லிட்டீங்க? அந்தப் படம் பாக்கப் போன எடத்துலதான் நான் இவர மொதமொதல்ல பாத்தேன்!"

பக்கத்தில் இருந்த அவருடைய கணவர் உடனே என் கட்சிக்கு வந்தார்.

"தம்பி சொல்றது சரிதான். விருது மட்டும் குடுக்காம இருந்திருந்தா, நான் அன்னைக்கு தியேட்டர் பக்கமே போயிருக்க மாட்டேன்."

அக்கா அவர் தோளில் செல்லமாக ஒன்று வைத்தார். பஸ்ஸே சிரித்தது.

நான் விடவில்லை. "அந்தக் கடைசி சீனாவது புடிச்சிச்சாண்ணே?"

அவர் மனைவியைப் பார்த்தார். "நான் எங்க தம்பி படத்த பாத்தேன்?"

அக்காவுக்கு முகமெல்லாம் வெட்கம்.

எந்தப் படம் என்று ஊகித்திருப்பீர்கள். அதை நிஜமாகவே பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அந்த விருதுகள் தகுமா இல்லையா என்று கீழே சொல்லுங்கள்.