சாய்த்துக் கொட்டிய தண்ணீர்

கோடையில் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வரும் ஊற்று வற்றிவிடும். கீழே ஆற்றோரக் கிணற்றிலிருந்து என் ஜீப்பில்தான் தண்ணீர் ஏறும். டேங்க்கை மேல் கேரியரில் வைத்துக் கட்டியிருந்தேன். உயரத்தில் இருந்தால்தான் குழாய் போட்டு எல்லா வீட்டுக்கும் விட முடியும். அந்தப் பாரத்தோடு வண்டியை முதல் கியரில்தான் நகர்த்த வேண்டும். பாதித் தண்ணீரோடு போவது அதைவிட மோசம். வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் புரண்டு வண்டியையும் சேர்த்து இழுக்கும்.

அன்று காலை பாதி வீடுகளுக்கு விட்டிருந்தேன். அப்போது என் மனைவிக்கு மூச்சு இரைத்தது. அடிக்கடி வருவதுதான். ஆனால் இந்த முறை உதடு நீலமாகிவிட்டது. உடனே குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதி டேங்க்கோடு வேகமாக இறங்க முடியாது. மீதி வீட்டுக்காரர்கள் குடங்களோடு நின்றார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு டேங்க்கையே பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் கத்தினாள். ஒரு குடத்துக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பவள் அவள்.

"என்னங்கண்ணா மரமாட்டம் நிக்கறீங்க? கவுத்து வுடுங்க அத!"

"உங்க ஊட்டுக்கு இன்னும் வுடலைங்களே..."

"அது கெடக்குது. அக்காவ உள்ள ஏத்துங்க மொதல்ல."

ஆட்கள் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்து டேங்க்கைச் சாய்த்துக் கீழே இறக்கினார்கள். தண்ணீர் தேயிலைச் செடிகளுக்குள் ஓடியது. ஜீப்புக்குள் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏனுங்க, தண்ணி போகுதுங்க."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

கொண்டு வந்து கிடத்திய பிறகுதான், குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை என்று எல்லோருக்கும் உறைத்தது. டேங்க்கை மறுபடி கேரியரில் ஏற்றிக் கட்டினார்கள். மைத்துனன் என் தோளைப் பிடித்து, "நீங்க இருங்க மாமா, வேற யாராச்சும் ஓட்டட்டும்" என்றான். அந்தப் பாதையில் தலைக்கு மேல் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓட்டிய ஆள் வேறு யாரும் அங்கே இல்லை. அது அவனுக்கும் தெரியும். பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கிணற்றில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்பினோம். அழுதால் கண் மறைக்குமென்று அழாமல் ஓட்டினேன். வளைவுக்கு வளைவு வண்டி முனகிக்கொண்டு ஏறியது.

பெண்கள் அண்டாவில் தண்ணீர் பிடித்தார்கள். ஒருத்தி கையை விட்டுப் பார்த்து, "ஐஸாட்டம் இருக்குது" என்றாள்.

"காய வைங்க," என்றேன். "பச்சத்தண்ணி அவளுக்கு ஒத்துக்காதுங்க."

பக்கத்து வீட்டுப் பெண் விறகு எடுக்கத் தன் வீட்டுக்குள் போனாள்.