தம்பி கல்யாணத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. சொத்தை விழுந்த பால் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தோம். புதிதாக முளைத்த கடைவாய்ப் பற்களையாவது காப்பாற்ற வேண்டுமென்று நீடாமங்கலத்துப் பல் டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனேன். அந்த அம்மா தஞ்சாவூரிலிருந்து வாரம் ஒருநாள்தான் வருவார். அன்றைக்குச் சாயங்காலம் குடவாசலில் என் தம்பிக்கு மாப்பிள்ளை அழைப்பு.

“ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிடலாம். சொத்தை வராம பாதுகாக்கும்,” என்றார் டாக்டர்.

“வார்னிஷா? கதவுக்கு அடிப்பாங்களே, அதுவா?” என்று மகள் கேட்டதும் டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அது வேற, இது வேறடா கண்ணு. வாயைத் திற.”

சின்ன பிரஷ்ஷால் பூசி நிமிஷத்தில் முடித்துவிட்டார். “இன்னிக்குக் கடினமா, ஒட்டுற மாதிரி, சூடா எதுவும் குடுக்காதீங்க. பல்லு மஞ்சளாத்தான் தெரியும். நாளைக் காலையில தேய்ச்சா போயிடும்.”

மண்டபத்தில் தட்டுத் தட்டாக முறுக்கும் அதிரசமும் வந்தன. இவள் கை நீட்டவே இல்லை. “டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காங்க,” என்று ஆறிய தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டாள். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னபோது மட்டும் தயங்கினாள். மாலையும் கழுத்துமாக நின்ற என் தம்பி, “நல்லா சிரிடி, கல்யாண வீட்டுல மஞ்சள் மங்களம்தானே!” என்றான். அவ்வளவுதான், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் மண்டபத்து வாஷ்பேசினைச் சுற்றி வாண்டுகள் கூட்டம். மகள் பல் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கரைந்தது. கொப்பளித்துவிட்டு ‘ஈ’ என்று காட்டினாள். உள்ளே கெட்டிமேளம்தான் கொட்டிவிட்டதோ என்று பெரியவர்கள் மேடைப் பக்கம் ஓடும் அளவுக்குப் பிள்ளைகள் போட்ட கூச்சல்!

“எங்க பசங்களுக்கும் பூசிவிடுவாங்களா அண்ணி?” என்று தாலி கட்டும் முன்பே விசாரித்தாள் என் நாத்தனார்.

அடுத்த வாரம் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளோடு போய் இறங்கினோம். டாக்டர் வாசலுக்கே வந்து, “என்னம்மா, மாப்பிள்ளை வீட்டாரா, பொண்ணு வீட்டாரா?” என்று கேட்டார்.

“ரெண்டு பக்கமும்தான் டாக்டர்,” என்றேன்.

இப்போதும் டாக்டர் சொல்லும் நாளில் தவறாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பூசிவிட்டு வருகிறோம். மகளின் புதுப் பற்களில் இதுவரை ஒரு சொத்தைகூட இல்லை.